தறிக்கூடத்துப் பாட்டரி: தேர்ந்தெடுக்கும் முறையும் மின்சாரம் ஏற்றும் முறையும்

பட்டு நெசவுக்கு வெளிச்சம் எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காஞ்சிபுரத்து அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் அதனைக் கண்டு முடிவதற்கும், ஜரிகை ஊடை அடர்த்தி மாறாமல் விழுவதற்கும், கோர்வையில் உடலும் கரையும் பிசகின்றிச் சேர்வதற்கும் கண்ணே ஆதாரம். கண்ணுக்கு விளக்கே ஆதாரம். நெசவாளருக்குக் கூலி புடவைக் கணக்கில் கிடைக்கிறதேயன்றி மணிக் கணக்கில் அன்று. ஆகையால் விளக்கு அணைந்த ஒவ்வொரு மணியும் அவர் குடும்பத்திற்கு நஷ்டமாகவே முடிகிறது.

2008 முதல் சில ஆண்டுகள் நமது மாகாணத்தில் மின்சாரத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 2012-இல் சென்னை நகருக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் மூழ்கின. அந்நிலைமை இப்பொழுது பெரிதும் சீர்திருந்தியிருப்பினும், பராமரிப்பு வேலைக்காகப் பகற்பொழுதில் மின்சாரம் நிறுத்தப்படுவதும், மழைக்காலத்தில் திடீரென நின்றுபோவதும் உண்டு. இதனாலேயே பிள்ளையார்பாளையம், ஓரிக்கை, ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய இடங்களில் நெசவுத் தொழில் நடத்தும் குடும்பங்களுக்கு இன்வெர்ட்டரும் பாட்டரியும் அவசியமான பொருள்களாகிவிட்டன.

ஆனால் இப்பாட்டரி பெரும்பாலும் தவணைக்கு வாங்கப்படுகிறது. தக்க பாட்டரியைத் தக்கபடி பராமரித்தால் ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைக்கும். தவறாகத் தேர்ந்தெடுத்ததும் அரைகுறையாக மின்சாரம் ஏற்றப்பட்டதும் இரண்டு ஆண்டிற்குள்ளேயே செத்துவிடும். அப்பொழுது பாட்டரி போய்விடுகிறது. கடன் மட்டும் நிற்கிறது. இந்த நஷ்டத்தைத் தவிர்க்கும் வழிகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பாட்டரி வேலை செய்யும் விதம்

ஈயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் முறையை 1859-இல் பிரான்சு தேசத்து விஞ்ஞானியான காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்தார். இன்று நமது வீடுகளில் உள்ள பாட்டரியும் அதன் வழி வந்ததே. இதில் ஓர் அறைக்கு ஏறத்தாழ 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள் சேர்ந்து 12 வோல்ட் ஆகின்றன.

பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும்போது, திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளிற் சென்று படிந்து ஈய சல்பேட் என்னும் வெண்மையான பொருளாகிறது. திராவகமும் நீர்த்துப் போகிறது. திரும்ப மின்சாரத்தை ஏற்றும்போது அந்தப் படிவு கரைந்து, சத்து மீண்டும் திராவகத்திற்கு வந்து சேர்கிறது. எடுத்தவுடன் ஏற்றிவிட்டால் படிவு எளிதிற் கரையும். ஏற்றாமல் நாட்கணக்கில் விட்டுவைத்தால் அது கெட்டிப்பட்டுக் கல்போல் இறுகிவிடும். இறுகிய பகுதி மறுபடி வேலைக்கு உதவாது. நம் வீடுகளில் அற்பாயுளில் சாகும் பாட்டரிகளுள் பல இந்தக் காரணத்தினாலேயே சாகின்றன.

சங்கத்தில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் ஒரு பகுதியை எடுத்துப் புழங்கி, வாய்தா தவறாமல் முழுவதையும் திருப்பிக் கட்டுபவருடைய கணக்கு நெடுங்காலம் நடக்கும். அடி வரை வழித்தெடுத்துவிட்டு, கட்டுவதையும் அரைகுறையாகக் கட்டுபவருடைய கணக்கு முறிந்துபோகும். பாட்டரிக்கும் இதுவே விதி. மேலும், எடுத்ததற்குச் சரியாகத் திருப்பினால் போதாது. வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். 100 பங்கு எடுத்தால் 110 முதல் 115 பங்கு வரை ஏற்றினால்தான் ஈயப் பாட்டரி நிறையும்.

2. இரு வகைப் பாட்டரிகள்

மோட்டார் வண்டியில் உள்ள பாட்டரியும் வீட்டிற்குரிய பாட்டரியும் பார்வைக்கு ஒரே ஜாதிபோலத் தோன்றினும் குணத்தால் வேறானவை. வண்டியை ஓடத் தொடங்கச் செய்வதற்குச் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் தேவை. அதற்காக மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். வண்டி ஓடத் தொடங்கியதும், எடுத்த சிறு அளவு உடனே நிரப்பப்பட்டுவிடும். இத்தகைய பாட்டரியைக் கொண்டு பல மணி நேரம் விளக்கும் விசிறியும் நடத்தினால், மெல்லிய தகடுகளிலுள்ள பூச்சு உதிர்ந்து, சில மாதங்களில் பாட்டரி பயனற்றுப் போகும். பழைய லாரிப் பாட்டரி மலிவாகக் கிடைக்கிறதென்று இன்வெர்ட்டருக்கு வாங்குவது சிக்கனமாகாது.

ஆழ்ந்த உபயோகத்திற்குரிய பாட்டரியில் தகடுகள் தடித்தவை. நமது நாட்டில் மிகுதியாக வழங்குவது டியூபுலர் வகை. இதில் நேர்மின் தகட்டின் பூச்சு, நெய்த குழாய் உறைகளுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் உதிர்வதில்லை. நீண்ட நேரம் சிறிது சிறிதாக மின்சாரம் கொடுத்து, மறுபடி நிரப்பப்படும் வேலைக்கு இதுவே ஏற்றது. தறிக்கூடத்திற்கு ஈயப் பாட்டரி வாங்குவோர் இவ்வகையையே கேட்டு வாங்குதல் வேண்டும்.

அண்மைக் காலத்தில் லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரியும் கடைகளுக்கு வந்துள்ளது. இதன் கொள்ளளவில் நூற்றுக்கு 80 பங்கிற்கு மேலும் எடுக்கலாம், நீர் ஊற்ற வேண்டுவதில்லை, எடை மிகக் குறைவு, விரைவில் நிறையும், ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கலாம். ஆனால் விலை அதிகம். லித்தியத்திற்கு இசைந்த இன்வெர்ட்டரும், அறைகளைக் காக்கும் மின்னணுக் காவல் கருவியும் இருந்தே தீரவேண்டும். பழைய ஈயப் பாட்டரி இன்வெர்ட்டரோடு விசாரியாமல் இதனை இணைப்பது தவறு. நாள்தோறும் நெடுநேரம் பாட்டரியில் வேலை செய்பவருக்கும், சூரிய ஒளியால் மின்சாரம் உண்டாக்கும் தகடு வைத்திருப்பவருக்கும் லித்தியம் இலாபகரமாகலாம். மாதத்தில் சில நாட்கள் மட்டும் உபயோகிப்பவருக்கு டியூபுலர் போதும்.

3. எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்?

கடைக்காரர் சொல்லும் அளவை வாங்காமல், அங்கத்தினர் தம் தேவையைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். உதாரணமாக ஒரு தறி வீட்டை எடுத்துக்கொள்வோம்.

தறியின்மேல் இரண்டும் அடுப்பங்கரையில் ஒன்றுமாக 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று: 27 வாட். பழைய மாதிரி மின் விசிறி ஒன்று: 75 வாட். ஆக மொத்தம் 102 வாட். இவை 6 மணி நேரம் நடக்க வேண்டுமெனில், 102-ஐ 6-ஆற் பெருக்க 612 வாட்-மணி ஆகிறது. இன்வெர்ட்டரில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகுமென்று வைத்துக்கொண்டால், பாட்டரியிலிருந்து எடுக்கப்படுவது 765 வாட்-மணி. இதனை 12 வோல்ட்டால் வகுக்க ஏறத்தாழ 64 ஆம்பியர்-மணி வருகிறது. ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கலாகாது என்னும் விதிப்படி இதை இரட்டித்தால் 128. ஆகவே இவ்வீட்டிற்கு 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி வேண்டும்.

இனி, இதே வீட்டில் பழைய விசிறியை மாற்றி, 30 வாட் அளவில் ஓடும் புதுமாதிரி பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால் கணக்கு எப்படி மாறுகிறதென்று பார்க்கலாம். மொத்தம் 57 வாட், 6 மணிக்கு 342 வாட்-மணி, வீணாவதைச் சேர்த்து ஏறத்தாழ 428, 12-ஆல் வகுக்க 36, இரட்டிக்க 72. இதற்கு 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி தாராளமாகப் போதும். எனவே பெரிய பாட்டரிக்குக் கடன் வாங்குமுன், செலவழியும் கருவியை மாற்ற இயலுமா என்று பார்ப்பது நலம். ஜக்கார்டைத் தூக்கும் மோட்டார் வைத்திருப்பவர்கள், அதன்மேல் குறித்துள்ள வாட் அளவையும், அது நாளொன்றுக்கு உண்மையில் ஓடும் நேரத்தையும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் அதிக மின்சாரத்தை இழுக்குமாதலால் இன்வெர்ட்டரும் அதைத் தாங்கவல்லதா என்று விசாரித்தல் அவசியம்.

4. வாங்கும்போது கவனிக்க வேண்டுவன

முதலாவது, ஆம்பியர்-மணி அளவோடு சேர்த்துக் காலத்தையும் பார்க்க வேண்டும். 150 ஆம்பியர்-மணி, சி-20 என்று குறித்திருந்தால், 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பது பொருள். அதே பாட்டரியிலிருந்து வேகமாக இழுத்தால் மொத்தம் கிடைப்பது குறையும். சி-10 என்பது 10 மணி நேரக் கணக்கு. எண் ஒன்றாக இருப்பினும் சி-10 எனக் குறித்த பாட்டரியே அதிகக் கொள்ளளவு உடையது.

இரண்டாவது, தயாரித்த மாதத்தைக் கேட்டறிய வேண்டும். திராவகம் ஊற்றிய பாட்டரி கடையிற் சும்மா இருந்தாலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழக்கும். ஆறு மாதத்திற்கு மேல் ஏற்றப்படாமற் கிடந்த சரக்கை ஏற்றலாகாது.

மூன்றாவது, உத்தரவாதச் சீட்டைக் கூர்ந்து படிக்க வேண்டும். 60 மாதம் என்று பெரிய எழுத்தில் இருப்பினும், அது 36-ம் 24-ம் எனப் பிரிந்திருக்கலாம். முதல் 36 மாதத்தில் கெட்டால் மட்டுமே இலவசமாக மாற்றித் தருவர். மீதி 24 மாதத்தில் புதுப் பாட்டரியின் விலையில் ஒரு கழிவு மட்டுமே கிடைக்கும். ரசீதும் முத்திரையிட்ட சீட்டும் இல்லாவிடில் அதுவும் இல்லை.

5. மின்சாரம் ஏற்றும் முறை

ஈயப் பாட்டரிக்கு மின்சாரம் மூன்று கட்டமாக ஏறுகிறது. முதற் கட்டத்தில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் வீதம் ஏற்றலாம். அதாவது 150 ஆம்பியர்-மணிக்கு 15 ஆம்பியர். இதில் பெரும்பகுதி நிறைந்துவிடும். இரண்டாம் கட்டத்தில், ஏறத்தாழ 14.4 வோல்ட்டில் நிறுத்தி வைக்க, உட்செல்லும் ஆம்பியர் தானே குறைந்துகொண்டே வரும். கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிறைவதற்கு மிகுந்த நேரம் பிடிக்கும். மூன்றாம் கட்டத்தில், 13.5 முதல் 13.8 வோல்ட்டில் வைத்து நிறைவைக் காக்க வேண்டும்.

பாதியளவு எடுத்த பாட்டரி முழுதும் நிறைய 8 முதல் 10 மணி நேரம் ஆகலாம். மூன்று மணி நேரம் ஏற்றியதும் விளக்குகள் நன்றாக எரிகின்றனவே என்று நிறுத்திவிடுவது பெரும்பிழை. நாள்தோறும் அவ்வாறு செய்தால் கரையாத படிவு சேர்ந்துகொண்டே போகும். சூரியத் தகட்டினால் ஏற்றுபவர்கள், மேற்சொன்ன 150 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்குச் சுமார் 300 வாட் தகடாவது வைத்துக்கொள்ளாவிடில் பாட்டரி எப்பொழுதும் அரைவயிறாகவே இருக்கும்.

நமது இன்வெர்ட்டர்களில் மேற்படி கட்டங்களைக் கருவியே நடத்திக்கொள்ளும். ஆனால் பாட்டரி எந்த வகை என்பதைக் குறிக்கும் ஒரு பொத்தான் பல கருவிகளின் பின்புறத்தில் உண்டு. அது டியூபுலர் என்னும் இடத்தில் இருக்கிறதா என்று வாங்கிய அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும். தவறான இடத்தில் இருந்தால் பாட்டரி நிறையாமலோ, மிதமிஞ்சிக் கொதித்தோ கெடும்.

வெயிற்காலத்தையும் கருத வேண்டும். 14.4 வோல்ட் என்பது 25 டிகிரி உஷ்ணத்திற்கு ஏற்பட்ட அளவு. அறை 40 டிகிரிக்கு ஏறும் சித்திரை, வைகாசி மாதங்களில் 14.1 வோல்ட் அளவே போதும். உஷ்ணத்தைத் தானே அளந்து குறைத்துக்கொள்ளும் கருவி கிடைத்தால் வாங்கத்தக்கது. உஷ்ணம் 10 டிகிரி உயர்ந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொதுவிதி. ஆகையால் ஓட்டுக் கூரையின் கீழோ அடுப்பின் அருகிலோ வையாமல், நிழலும் காற்றும் உள்ள மூலையில் வைத்தல் வேண்டும்.

பாட்டரி நிறைந்ததா என்பதை ஹைட்ரோமீட்டர் என்னும் கண்ணாடிக் குழாய்க் கருவியினால் நிச்சயமாக அறியலாம். வெப்ப நாட்டிற்கென்று தயாரித்த டியூபுலர் பாட்டரியில் திராவகம் நிறைவில் 1.240 அளவும், பாதியில் 1.180 அளவும், காலியானால் 1.120 அளவும் காட்டும். பாட்டரியின்மேல் வேறு எண் குறித்திருந்தால் அதையே கொள்க. ஆறு அறைகளுள் ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அவ்வறை பழுதென்று அறியலாம். வோல்ட் மீட்டரால் பார்ப்பவர்கள், ஏற்றுவதையும் எடுப்பதையும் நிறுத்திச் சில மணி நேரம் கழித்தே பார்க்க வேண்டும், அப்பொழுது 12.5 நிறைவையும், 12.1 பாதியையும் குறிக்கும்.

6. நீர், காற்று, ஜரிகை

மின்சாரம் ஏறும்போது திராவகத்திலுள்ள நீர் வாயுவாகப் பிரிந்து போகிறது. மாதம் ஒரு முறை மூடியைத் திறந்தோ, மிதவைக் குறியைப் பார்த்தோ, குறைந்த அளவிற்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் உப்புள்ளவை, தகட்டைக் கெடுக்கும். திராவகத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. குறைந்தது நீரேயன்றித் திராவகம் அன்று. முழுதும் மின்சாரம் ஏறிய பிறகு நீரை மேற்குறி வரை நிரப்புதல் முறை. முன்னரே நிரப்பினால் பொங்கி வழியும். ஆனால் தகடுகள் நீருக்கு வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டே ஏற்ற வேண்டும்.

வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு. மூடிய அறையில் காற்றோடு நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தால் ஒரு தீப்பொறியே அதை வெடிக்கச் செய்யும். ஆதலின் பாட்டரியைப் பூஜை விளக்கின் அருகிலும், மூடிய அலமாரியிலும், கட்டிலின் கீழும் வைக்கலாகாது. கம்பிகளைக் கழற்றும்போது எதிர்மின் கம்பியை முதலிலும், மாட்டும்போது கடைசியிலும் கையாள வேண்டும். நேர்மின் முனைக்கு அருகில் ஒரு பியூஸ் கட்டாயம் இருத்தல் வேண்டும்.

நெசவாளர்களுக்கென்று விசேஷமாகச் சொல்லவேண்டிய ஓர் எச்சரிக்கை உண்டு. மிதமிஞ்சிச் சூடேறிய அல்லது பழுதுபட்ட பாட்டரியிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு ஒன்று வெளிவரும். அது மனிதருக்கு விஷம். அன்றியும் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ஜரிகைக்கு உயிராயிருப்பது வெள்ளிக் கம்பி என்பதை நாம் அறிவோம். ஆகவே பாட்டரியைத் தறிக்கும், ஜரிகைக் கட்டுக்கும், மடித்த புடவைக்கும் தொலைவில் வைப்பது அவசியம். அந்நாற்றம் வந்தவுடன் கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, மின்சாரத்தை வெளியிலுள்ள பிரதான சுவிட்சில் நிறுத்திவிட்டுத் தேர்ந்தவரை அழைக்க வேண்டும்.

7. கண்காட்சிக்குச் செல்லும் வண்டி

வெளியூர்க் கண்காட்சிகளுக்குப் புடவைகளை ஏற்றிச் சென்று, வண்டியிலேயே இரவு தங்கும் சங்கங்களும் வியாபாரிகளும் விளக்கு, விசிறிகளுக்கு வண்டியின் சொந்தப் பாட்டரியைப் பயன்படுத்தினால், காலையில் வண்டி கிளம்பாது. இரண்டாவதாக ஆழ்ந்த உபயோகப் பாட்டரி ஒன்றைத் தனியே வைத்து, இரண்டும் ஒன்றையொன்று இழுக்காதபடி இடையில் டி.சி. சார்ஜர் என்னும் கருவியை இணைக்க வேண்டும். வண்டி ஓடும்போது அது இரண்டாம் பாட்டரியை நிரப்பும். குறைந்த தூரம் ஓடினால் அது முழுதும் நிறையாதாதலால், தங்கும் இடத்தில் மின்சாரம் கிடைத்தால் இரவு முழுதும் ஏற்றிக்கொள்வது நலம். ஆட்டத்திற்கு அசையாமல் கட்டுவதும், வாயு வெளியேறப் புழை விடுவதும் இங்கே இன்னும் முக்கியம்.

8. சங்கம் செய்யத்தக்கது

தனித்தனியே ஆற்ற முடியாததைச் சேர்ந்து ஆற்றுவது நமக்குப் புதிதன்று. 1904-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்த அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நமது காஞ்சிபுரத்திலேதான். அந்த வழக்கத்தைப் பாட்டரி விஷயத்திலும் கைக்கொள்ளலாம்.

அங்கத்தினர்களின் தேவையை மேற்சொன்னபடி கணக்கிட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து சங்கத்தின் மூலம் விலை கேட்டால், கிரயமும் குறையும். புதுச் சரக்கும் கிடைக்கும். ஒரு ஹைட்ரோமீட்டர், ஒரு வோல்ட் மீட்டர், கையுறை, கண்ணாடி ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வாங்கி வைத்து, மாதம் ஒரு நாள் பயிற்சி பெற்ற ஒருவர் வீடுதோறும் பார்த்து, ஒரு புத்தகத்தில் அறை வாரியாகக் குறித்து வரலாம். பழுது உத்தரவாத காலத்திற்குள் வெளிப்பட இதைவிட நல்ல வழி இல்லை.

கடன் கொடுக்கும்போது, தவணைகள் யாவும் இலவச மாற்று உத்தரவாதம் முடியுமுன் தீரும்படி வாய்தா வகுக்க வேண்டும். 36 மாத உத்தரவாதமுள்ள பாட்டரிக்கு 60 மாதத் தவணை கொடுப்பது அங்கத்தினருக்கு உதவி ஆகாது.

உழைத்து முடிந்த பாட்டரியைத் தெருவில் உடைப்பவரிடம் விற்கலாகாது. ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் கலந்தால் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்போர்மேல் சுமத்தியுள்ளன. ஆகவே அதனைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதற்குரிய விலையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

தேவையைக் கணக்கிட்டு வாங்குக; பாதிக்கு மேல் எடாதிருக்க; எடுத்த அன்றே முழுதும் நிரப்புக; மாதந்தோறும் நீரைப் பார்க்க. இந்நான்கையும் அங்கத்தினர்கள் வழுவாது கைக்கொண்டால், கடன் தீர்ந்த பின்னரும் தறியின்மேல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.